மாவு பிசையும் இயந்திரம்: வாங்கும் முன் அறிய வேண்டியவை



வீட்டிலிருந்தபடியே கேக், பன், பரோட்டா, சமோசா செய்து கொடுத்து நாலு காசு சம்பாதிக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆர்டர் கொஞ்சம் கூடியதும் அவர்கள் மனதில் வரும் முதல் எண்ணம், மாவு பிசைய ஒரு இயந்திரம் வாங்கலாமா என்பது. கை வலியும் தோள் வலியும் உள்ள உம்மாமார்களுக்காகப் பிள்ளைகள் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. கடைக்காரர்கள் ஸ்டாண்ட் மிக்சர் என்று சொல்லும் இயந்திரம்தான் இது. கீழே பாத்திரம் நிற்கும். மேலே உள்ள தலையிலிருந்து கொக்கியோ துடுப்போ இறங்கி மாவைப் பிசையும்.

இதற்குக் கொடுக்கும் பணம் சிறிய தொகை அல்ல. பெருநாளுக்கு முந்திய வாரத்தில், கை நிறைய ஆர்டர் இருக்கும்போது இயந்திரம் நின்றுவிட்டால் பணமும் போகும், வாடிக்கையாளரிடம் சொன்ன சொல்லும் போகும். எனவே வாங்கும் முன் கொஞ்சம் படித்துக்கொள்வது நல்லது.

கடையில் நாம் வழக்கமாகக் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. இந்த இயந்திரம் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது? இதில் ஒரு பாகம் தேய்ந்தால் அதை யார் மாற்றித் தருவார்? நீடித்து உழைப்பது என்பது பெரும்பாலும் இந்த இரண்டின் பதிலில்தான் இருக்கிறது.

மூன்று இயந்திரங்கள், மூன்று வேலைகள்

ஸ்டாண்ட் மிக்சர் ரொட்டிக்கடைகளில் இருந்து வந்தது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில் ஹோபார்ட் என்ற நிறுவனம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற பொறியாளர், ஒரு ரொட்டிக்காரர் கையால் மாவு கிண்டுவதைப் பார்த்து, அந்த வேலையை மின்சாரத்தால் செய்ய 1908-ல் முயற்சி தொடங்கினார். முதலில் வந்தவை ரொட்டிக்கடைகளுக்கான பெரிய இயந்திரங்கள். அமெரிக்கக் கடற்படையும் தன் கப்பல்களின் சமையலறைக்கு அவற்றை வாங்கியது. 1919-ல்தான் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கான சிறிய வடிவம் வந்தது. சிறிய வடிவம் என்றாலும் எடை 65 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 30 கிலோ. கெட்டியான மாவு என்ற ஒரே வேலையை மனதில் வைத்துச் செய்த இயந்திரம் அது.

நம் மிக்சியின் கதை வேறு. 1960-களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூர் என்ற பெண்மணியின் வீட்டில் ஜெர்மனியின் பிரவுன் நிறுவன மிக்சர் ஒன்று இருந்தது. நம் நாட்டுச் சமையலின் அரவைக்கு அது தாக்குப்பிடிக்கவில்லை. பழுது பார்க்கவும் இங்கே வசதி இல்லை. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் பொறியாளர். நம் வீட்டு அரவையைத் தாங்கும் மோட்டாருடன் அவரே ஒரு இயந்திரத்தை உருவாக்கினார். 1963-ல் வந்த சுமீத் மிக்சி அதுதான். அந்த ஜெர்மன் இயந்திரம் மட்டமானது என்று இதற்குப் பொருள் இல்லை. மென்மையான பழமும் மாவும் கலக்கச் செய்ததை மஞ்சளும் மல்லியும் அரைக்கப் பயன்படுத்தினால் எதுவானாலும் நிற்காது.

மூன்றாவது, நம் கிரைண்டர். ஆட்டுக்கல்லை மின்சாரத்தில் சுற்ற வைக்கும் இந்த யோசனை 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவரால் நடைமுறைக்கு வந்ததாகச் சொல்வார்கள். அந்த ஊரின் தொழிலாகவே அது வளர்ந்து, 2005-06-ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் பெற்றது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தைத் தொடங்கிய பிறகு இரண்டுமே பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டன.

ஆக, மிக்சி அரைக்கப் பிறந்தது. கிரைண்டர் ஆட்டப் பிறந்தது. ஸ்டாண்ட் மிக்சர் பிசையவும் அடிக்கவும் பிறந்தது. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டினால் அதன் ஆயுள் குறையும்.

உங்களுக்கு இது தேவைதானா?

தேங்காய் அரைப்பதற்கும் நோன்புக் கஞ்சிக்கான மசாலாவுக்கும் மிக்சியே போதும். ஸ்டாண்ட் மிக்சர் இதைச் செய்யாது. இட்லி, தோசை, ஆப்ப மாவுக்குக் கிரைண்டர்.

பத்திரிக்கும் இயந்திரம் அவசியமில்லை. அரிசி மாவில் கோதுமையில் உள்ளது போன்ற பசைப் புரதம் கிடையாது. கொதிநீர் விட்டுச் சூட்டோடு கையால் நன்றாக ஒருசேரப் பிசைந்தால் போதும். நெடுநேரம் பிசைவதால் அதற்குக் கூடுதல் பயன் வராது.

வாரத்துக்கு ஒரு கேக் என்றால், கையில் பிடித்து அடிக்கும் சிறிய பீட்டர் போதும். விலை பல மடங்கு குறைவு. எப்போதாவது சப்பாத்தி மாவு என்றால், உங்கள் டேபிள்டாப் கிரைண்டருக்கு மாவு பிசையும் துணைக்கருவி கிடைக்கிறதா என்று பாருங்கள். அதே நிறுவனம் அதே மாடலுக்குத் தருவதையே வாங்க வேண்டும்.

வாரத்தில் பல நாள் மைதா மாவு பிசைபவர்களுக்கும், ஆர்டர் எடுத்து கேக், பன் செய்பவர்களுக்கும், கைவலியால் பிசையவே முடியாதவர்களுக்கும்தான் ஸ்டாண்ட் மிக்சர் உண்மையில் பயன்படும். மற்றவர்கள் வாங்கினால், அலமாரியின் மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் பொருளாகிவிடும். அது வீண்விரயம்.

வாட் எதைச் சொல்கிறது?

வாட் என்பது இயந்திரம் மின்சாரத்தை எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு. மாவில் எவ்வளவு பலம் காட்டுகிறது என்பதை அது சொல்லாது. 1,000 வாட் இழுக்கும் இயந்திரம் அதில் ஒரு பகுதியை வெறும் சூடாகவும் சத்தமாகவும் வீணாக்கலாம். சில பெட்டிகளில் அச்சடித்திருப்பது ஒரு கணம் மட்டும் தொடக்கூடிய உச்ச அளவு.

ஸ்டாண்ட் மிக்சரின் பலம் பல்சக்கரங்களில் இருக்கிறது. உள்ளே இருக்கும் மோட்டார் மிக வேகமாகச் சுழலும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து, அதே அளவுக்குத் திருப்பும் விசையைக் கூட்டிக் கொக்கிக்கு அனுப்பும். சைக்கிளில் மேடு ஏறும்போது கியரை மாற்றுவது போலத்தான். ஆகவே கடையில் கேட்க வேண்டியது: பல்சக்கரம் உலோகமா, நைலானா, அல்லது பெல்ட்டில் ஓடுகிறதா?

உலோகம் என்றால் பொதுவாக நீண்டகாலம் தாங்கும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில நல்ல இயந்திரங்களில் ஒரே ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே மென்மையான பொருளில் செய்திருப்பார்கள். அளவுக்கு மீறி மாவு போட்டால் அந்தச் சக்கரம் மட்டும் உடையும். மோட்டார் எரியாமல் தப்பும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலை இது. இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அந்தச் சக்கரம் தனியாகக் கிடைக்கிறதா, அதை மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். கிடைத்தால், சக்கரத்தின் விலையோடு பழுது முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் முழு இயந்திரமும் பழைய இரும்புக்குத்தான் போகும்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் என்ற சிறு கரித்துண்டுகள் இரண்டு உண்டு. தேய்வதற்கென்றே உள்ளவை அவை. வெளியிலிருந்தே ஒரு மூடியைத் திருகி அவற்றை மாற்றும் வசதி உள்ள இயந்திரம் நல்லது.

தகட்டைப் படியுங்கள்

இயந்திரத்தின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். பெட்டியில் உள்ள விளம்பரத்தை விட அதற்கு மதிப்பு அதிகம்.

நம் மிக்சிகளில், 5 நிமிடம் ஓடினால் 2 நிமிடம் ஓய்வு என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஸ்டாண்ட் மிக்சர்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகள் கே, பி இரண்டும், பக்கத்தில் நிமிடக் கணக்கும் இருக்கும். தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம், பிறகு ஆறவிட வேண்டும் என்று அதற்குப் பொருள். 5 நிமிடம் என்று போட்ட இயந்திரத்தை ஆர்டர் அவசரத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் மோட்டார் சுருள் கருகும். உங்கள் வேலைக்குத் தொடர்ந்து 10 நிமிடம் பிசைய வேண்டும் என்றால், அதைத் தாங்கும் என்று தகட்டில் உள்ளதையே வாங்குங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் உண்மைதானா என்று தெரிந்துவிடும்.

பாத்திரத்தின் அளவும் மாவின் அளவும்

பெட்டியில் 5 லிட்டர் என்று போட்டிருந்தால், பாத்திரத்தில் அவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்றே பொருள். 5 லிட்டர் கெட்டி மாவைப் பிசையலாம் என்பதல்ல. உள்ளே இருக்கும் கையேட்டில், அதிகபட்சம் எத்தனை கிராம் மாவு என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் படியுங்கள். நாள்தோறும் வேலை வாங்குபவர்கள் அந்த உச்ச அளவில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொண்டால் இயந்திரம் நிம்மதியாக ஓடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1 கிலோ மைதாவுக்கு 600 மில்லி அளவு தண்ணீரும் எண்ணெயும் சேர்த்தால் 1.6 கிலோ மாவு வரும். ஒரு பரோட்டாவுக்கு 80 கிராம் உருண்டை என்றால் 20 பரோட்டா. 40 பரோட்டா ஆர்டர் என்றால் 2 கிலோ மைதா வேண்டும். ஒரு தடவைக்கு 1 கிலோ தாங்கும் இயந்திரத்தில் அதை இரண்டு தடவையாக, முக்கால் பங்குக் கணக்கில் மூன்று தடவையாக, நடுவில் ஓய்வு கொடுத்துச் செய்ய வேண்டும். உங்கள் வழக்கமான ஆர்டர் எவ்வளவு என்று இப்படி எழுதிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

எடை: கெட்டி மாவு சுற்றும்போது இலேசான இயந்திரம் மேசையில் நடக்கும். தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் நல்ல அறிகுறி.

தலை: தலையைச் சாய்த்துத் தூக்கும் வகை என்றால், பூட்டியபின் ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே ஆட்டம் கொடுத்தால் வீட்டில் மாவோடு இன்னும் ஆடும்.

பாத்திரம்: அடியில் திருகியோ கொக்கியிலோ உறுதியாக உட்கார வேண்டும். துருப்பிடிக்காத எஃகு நல்லது.

சுற்றும் முறை: கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பாத்திரத்தையும் சுற்றி வர வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவது போல. அப்போதுதான் ஓரத்து மாவும் கலக்கும்.

துணைக்கருவிகள்: கொக்கி, துடுப்பு, அடிப்பான் மூன்றும் தனித்தனியாகவும் விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிச்சன்எய்ட் இயந்திரம் 1937-ல் பெற்ற வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. முகப்பில் பொருத்தும் துணைக்கருவிகள் பழைய இயந்திரங்களுக்கும் பொருந்துகின்றன. ஆண்டுதோறும் மாடலை மாற்றும் இயந்திரத்துக்கு நாலு வருடம் கழித்து ஒரு கொக்கி கிடைப்பதே கஷ்டம்.

முடிந்தால் கடையில் அரைக் கிலோ மாவு போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெறும் பாத்திரத்தில் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரம்

கணவரோ மகனோ வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டுவரச் சொல்பவர்கள் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமீரகம், ஓமன், கத்தார் நாடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். பிளக்கின் வடிவம்தான் வேறு. சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அங்கே முன்பு 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது. அமெரிக்கச் சந்தைக்கான இயந்திரம் 120 வோல்ட். அதை நம் வீட்டில் நேரடியாகச் செருகினால் அந்த நிமிடமே புகை வரும். ஆகவே அனுப்புபவரிடம் முதலில் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். அந்த நாட்டு உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

பழுது பார்ப்பவர் எங்கே?

திற்பரப்பில் இருக்கும் நமக்கு இது பெரிய கேள்வி. சொன்ன நிறுவனத்துக்குக் குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ பழுது பார்ப்பவர் உண்டா, நாகர்கோவில் வரை போக வேண்டுமா, அல்லது சென்னைக்கே பார்சல் அனுப்ப வேண்டுமா? கடைக்காரரின் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், சேவை மையத்தின் எண்ணை வாங்கி அங்கேயே போன் செய்யுங்கள். "இந்த மாடலுக்குப் பல்சக்கரமும் கார்பன் பிரஷும் கையிருப்பில் உண்டா?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும். எவ்வளவு பேர் பெற்ற இயந்திரமானாலும், பாகம் கிடைக்காத ஊரில் அது உழைக்காது.

விலையைக் கணக்கிடும் முறை

விலைச்சீட்டை மட்டும் பார்க்காமல் ஆண்டுக் கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, 6,000 ரூபாய் இயந்திரம் 2 ஆண்டில் போய்விட்டால் ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலவு. 14,000 ரூபாய் இயந்திரம் 7 ஆண்டு ஓடி, நடுவில் 1,400 ரூபாய் பழுதுச் செலவு வந்தால், மொத்தம் 15,400. ஆண்டுக்கு 2,200 ரூபாய்தான். ஆனால் விலை கூடியது எல்லாம் நீடித்து உழைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன சோதனைகளில் தேறியிருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1,000 வாட் இயந்திரம் 15 நிமிடம் ஓடினால் கால் யூனிட்தான்.

தவணையில் வாங்கும்போது கவனம் தேவை. வட்டியை நாம் தவிர்க்க வேண்டியவர்கள். வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் இடங்களிலும், ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு, இடையில் கட்டணம் ஏதும் உண்டா என்று மூன்றையும் எழுதி வாங்கிப் பாருங்கள். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமல் போவதும் உண்டு. அவசரம் இல்லையென்றால், வரும் ஆர்டர் பணத்தில் மாதம் ஒரு தொகை ஒதுக்கி, சேர்ந்ததும் வாங்குவதே நிம்மதி.

வாங்கிய பின் பராமரிப்பு

மாவும் தண்ணீரும் கலந்தவுடன் பிசையத் தொடங்காமல் 20 நிமிடம் மூடி வைத்துவிடுங்கள். மாவு ஊறித் தானே இளகும். அதன்பின் பிசையும் நேரம் பாதியாகக் குறையலாம். இயந்திரத்துக்கு நாம் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான்.

கெட்டி மாவுக்கு முதல் இரண்டு வேகம் போதும். கூடிய வேகம் முட்டையும் க்ரீமும் அடிக்க மட்டும். ஓட்டம் தடுமாறினாலோ சூட்டு வாடை வந்தாலோ உடனே நிறுத்தி, மாவில் பாதியை எடுத்துவிடுங்கள்.

மண் இணைப்புள்ள மூன்று முனை பிளக்கில்தான் செருக வேண்டும். நம் பக்கம் இடியும் மழையும் கூடிய ஊர். இடி தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். விளக்கு மங்கி எரியும் அளவுக்கு வோல்டேஜ் குறைந்த நேரத்தில் மாவு பிசைய வேண்டாம். மோட்டார் திணறிச் சூடாகும்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காற்றுத் துளைகளில் மாவு படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவும் சர்க்கரையும் இருக்கும் இடத்துக்கு எறும்பும் கரப்பானும் தேடி வரும். உள்ளே புகுந்தால் மின்தொடர்பைக் கெடுக்கும். துணி உறை போடுங்கள், ஆனால் சூடு ஆறிய பிறகு.

பில் வாங்காமல் வாங்காதீர்கள்

பில்லும், தேதியும் முத்திரையும் போட்ட உத்தரவாத அட்டையும் கட்டாயம் வேண்டும். இரண்டையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பில் மை நாளடைவில் மங்கிவிடும். மோட்டாருக்கு மட்டும் 5 ஆண்டு, மற்ற பாகங்களுக்கு 1 அல்லது 2 ஆண்டு என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்டர் எடுத்துத் தொழில் செய்பவர்களுக்கு அந்த ஒரு வரி பின்னால் சிக்கலாகலாம். அதை முன்கூட்டியே சொல்லிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

குறையுள்ள பொருளைக் கொடுத்துவிட்டு அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

கடைக்குக் கொண்டுபோக ஒரு சீட்டு

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

1. வாரத்தில் எத்தனை நாள், ஒரு தடவைக்கு எத்தனை கிலோ மாவு பிசைவேன்?
2. கையேட்டில் உள்ள அதிகபட்ச மாவு அளவு எவ்வளவு?
3. தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம்?
4. பல்சக்கரம் எதனால் ஆனது? தனியாகக் கிடைக்குமா?
5. கார்பன் பிரஷை எளிதாக மாற்ற முடியுமா?
6. தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ளதா?
7. பக்கத்துச் சேவை மையம் எங்கே? போன் செய்து கேட்டாயிற்றா?
8. உத்தரவாதம் எந்தெந்தப் பாகத்துக்கு, எத்தனை ஆண்டு? தொழிலுக்குச் செல்லுமா?
9. ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு?

ஒன்பதில் ஏழுக்காவது தெளிவான பதில் கிடைக்கும் வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது, ஏழாவது கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த கடையைப் பாருங்கள். ஒரு நாள் தாமதித்து வாங்குவதால் நட்டம் இல்லை. சரியாகப் பார்த்து வாங்கிய இயந்திரம், இன்ஷா அல்லாஹ், பல பெருநாள்களுக்கு உங்கள் அடுக்களையில் உழைக்கும்.